கரக் போடுகிறவளின் ஒன்பது பலவீனங்கள்

வெள்ளிக்கிழமை காலையில் எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்து பதினொன்றே முக்காலுக்குள் முடித்தாக வேண்டும். ஒன்பதுக்கு முன்னால் ஆரம்பிக்க முடியாது. எங்கள் கேப்டன் ராஸ் அல் கைமாவில் ஏழு மணிப் பூசைக்குப் போய்விட்டுத்தான் வருவார். வளைகுடாவில் ஞாயிற்றுக்கிழமைகூட வெள்ளிக்கிழமையில்தான் வரும். பதினொன்றே முக்காலைத் தாண்டவும் முடியாது. ஜும்ஆ தொழுகைக்காக இன்டர்நெட் கஃபேக்களின் ஷட்டர் இறங்கிவிடும். கேப்டன் விளையாடியது டைல்ஸ் தொழிற்சாலை கேம்புக்குப் பக்கத்துக் கஃபேயில். தேராவில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த பாய் விளையாடியதும் கஃபேயில்தான். ஷட்டர் இறங்காவிட்டாலும் அவர் தொழுகைக்கு எழுந்து போய்விடுவார்.

இவர்களைத் தவிர பஹ்ரைனில் ஓர் அண்ணனும் மதினியும் ஒரே சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்களோடு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாவது ஆள் நான். ஷார்ஜாவில் அக்கா வீட்டு ஹாலின் மூலையில், அத்தானின் பழைய கணினிக்கு முன்னால் இருப்பேன்.

இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும் விளையாட்டு அது. அதில் ஒரு குழுவுக்கு ஐந்து பேர்தான். ஐந்து பேரும் ஒரு மாளிகைக்குள் நுழைந்து, நீண்ட நடைக்கூடங்களைக் கடந்து, காவலாளிகளை வீழ்த்தி, கடைசி அறையில் இருக்கும் அரசனை வெல்ல வேண்டும். அரசனுக்கு விளையாட்டு வைத்த பெயர் வேறு. நாங்கள் வைத்த பெயர் கஃபீல். இங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் விசா தரும் முதலாளி கஃபீல்தான். அவர் சம்மதம் இல்லாமல் ஊருக்கு லீவில்கூடப் போக முடியாது. அந்த மாளிகையிலும் அரசனை வீழ்த்தாமல் வெளியே போக வழி கிடையாது. அதனால் அந்தப் பெயர்.

பல மாதங்களாகக் கஃபீலிடம் நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம்.

அந்த வருடங்களில் என் வாரம் இப்படி இருந்தது: காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன், மாலை ஆறு மணிக்கு அதே வேன், நடுவில் தொழில்பேட்டையில் ஒரு காலிப்ரேஷன் லேப். தொழிற்சாலைகளிலிருந்து வரும் பிரஷர் கேஜ்களை எங்கள் கேஜோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று அட்டவணை போட்டுத் தருவது என் வேலை. வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் வாரத்தில் நான் வந்தாயிற்றா என்று நாலு பேர் காத்திருந்தது வெள்ளி காலை ஒன்பது மணிக்கு மட்டும்தான்.

விளையாட்டில் சேரும்போது ஒரு கிளாஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை அக்காவிடம் சொன்னபோது, “கிளாஸா? எத்தன மணிக்கு? ஃபீஸ் உண்டா?” என்று கேட்டாள். அந்த கிளாஸ் இல்லை. நாம் எந்த வகை ஆள் என்பது. கேடயம் பிடிப்பவர், வாள் வீசுபவர், வில்லாளி, நெருப்பு மந்திரவாதி, காயம் ஆற்றுபவர், கடைசியாகப் பாட்டுப் பாடி மற்றவர்களுக்குத் தெம்பு கொடுப்பவர். ஆறு வகை.

லேபில் சாப்பாட்டு இடைவேளையில் ஆறு வரிசை, எட்டுக் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆறு கட்டங்களில் பாடுபவர் கடைசி. ஒன்றில் நடுத்தரம். ஒரே ஒரு கட்டத்தில் முதலிடம்: இணையம் தடுமாறினாலும் சமாளிக்கலாமா? எங்கள் மாடியில் நாலு ஃபிளாட்டுகள் ஒரே இணைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தன. எதிர் ஃபிளாட்டில் யாராவது ஊர்ப் பாட்டு ஒன்றை இறக்க ஆரம்பித்தால் என் திரையில் எல்லோரும் சிலையாகிவிடுவார்கள். சிலையாகி நிற்கும்போது வாளைக் குறி பார்த்து வீச முடியாது. பாட்டுப் பாடலாம். அதனால் பாடுபவரைத் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்கள் வீரத்துக்காகத் தேர்ந்தெடுப்பதை நான் இணைய வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்தேன் என்பதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

பாடுபவரின் முக்கியப் பாட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்டவர் நாலு நிமிடத்துக்கு வேகமாக ஓடுவார், வேகமாக அடிப்பார். அதன் ஆங்கிலப் பெயர் நீளமானது. தேரா பாய் முதல் வாரத்திலேயே அதைக் ‘கரக்’ ஆக்கிவிட்டார். கரக் என்றால் இங்கே கஃபடீரியா வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடித்து வாங்குகிற கெட்டியான பால் டீ. குடித்தால் அரை நாள் ஓடலாம். ஒவ்வொரு நாலு நிமிடத்துக்கும் அவர் தட்டுவார்:

“லாத்தா, ஒரு கரக்!”

லாத்தா என்றால் அவர்கள் ஊரில் அக்கா. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

விளையாடும்போது குரலில் பேசிக்கொள்ள வழியில்லை. அப்படிப்பட்ட மென்பொருள்கள் இந்த நாட்டில் திறக்காது. எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், அதுவும் சண்டைக்கு நடுவே. கேப்டன் ஒற்றை விரலால் தட்டுகிறவர். எனவே சின்னச் சின்ன வார்த்தைகளாக எங்களுக்கு ஒரு மொழி உருவாகிவிட்டது. ‘யல்லா’ என்றால் கிளம்பு. ‘கலாஸ்’ என்றால் எதிரி முடிந்தான். ‘மாஃபி’ என்றால் இல்லை. நான் ‘மாஃபி’ என்று தட்டினால் என் சக்தி தீர்ந்துவிட்டது, உட்கார்ந்து சேர்க்க ஒன்றரை நிமிடம் வேண்டும், யாரும் அடுத்த எதிரியைத் தொடாதீர்கள் என்று அர்த்தம். எல்லாம் இங்கே கடையிலும் சைட்டிலும் எல்லோரும் நாள் முழுக்கப் பேசுகிற அரபு வார்த்தைகள். யாருக்கும் யாரும் விளக்கியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் ஆறாவதாக ஒருவர் வந்தார்.

பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர். அபுதாபியில் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நெருப்பு மந்திரவாதி. எங்கள் யாரையும்விடப் பல மடங்கு பலம். அவர் ஒரு கையை அசைத்தால் நாங்கள் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டும் காவலாளி சாம்பலாகிவிடுவான். கேப்டனுக்கு ஆசை வந்துவிட்டது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேப்டன் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், டைல்ஸ் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். நியாயமான மனிதர். அன்று எங்கள் குழுவின் இணையப் பக்கத்தில் இப்படி எழுதினார்:

“மக்கா, ஆறு பேரு இருக்கோம், அஞ்சு எடந்தான். ஆரையும் சும்மா வெளிய நிறுத்த மாட்டேன். ஓரோருத்தரும் அவங்கவங்க கிளாஸுக்கு என்ன பெலம், என்ன பெலவீனம்னு எழுதிப் போடுங்க. படிச்சிட்டு முடிவு செய்யலாம், கேட்டியளா?”

கேப்டனின் கேடயம் இல்லாமல் நடக்காது, காயம் ஆற்றும் மதினி இல்லாமல் நடக்காது. பாயின் வாளும் பஹ்ரைன் அண்ணனின் வில்லும் எதிரியை அடிக்கின்றன. எதிரியை ஒரு முறைகூட அடிக்காத ஒரே ஆள் நான். கேப்டன் கேட்டது ஆறு பேரிடம் என்றாலும் கேள்வி என்னைப் பற்றியது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பட்டியல் போடுவது எனக்குச் சிரமமான காரியம் அல்ல. லேபில் வீணான ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, இடப்பக்கம் பலவீனம், வலப்பக்கம் பலம் என்று எழுத ஆரம்பித்தேன்.

தனியாக விட்டால் கடற்கரையில் திரியும் ஒரு நண்டைக் கொல்ல எனக்கு இருபது நிமிடம் ஆகும். இது முதல் பலவீனம். மற்றவர்கள் பயிற்சி எடுக்கிற அந்தக் கடற்கரையில் நண்டுகள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனதே இல்லை. கரக் நாலு நிமிடம்தான் நிற்கும் என்பதும், ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதும், கடைசி ஆளுக்குப் போடும்போது முதல் ஆளுக்குத் தீர்ந்துகொண்டிருக்கும் என்பதும் இரண்டு, மூன்று, நான்கு. சக்தி சீக்கிரம் தீரும், உட்கார்ந்தால்தான் திரும்பும். நான் செத்தால் எல்லோருடைய கரக்கும் அதே நொடியில் போய்விடும். இப்படியே எழுதிக்கொண்டு போனேன். எட்டாவது, நான் சரியாகச் செய்கிறேனா தப்பாகச் செய்கிறேனா என்று அளக்க வழியில்லை. வில்லாளிக்கு எத்தனை அம்பு பட்டது என்று எண் வரும், எனக்கு எண்ணே கிடையாது. ஒன்பதாவது, நான் சண்டையைப் பார்ப்பதே இல்லை. திரையின் இடப்பக்க ஓரத்தில் ஐந்து பேருடைய பெயர்களும் பக்கத்தில் உயிரையும் கரக்கையும் காட்டும் சின்னக் கோடுகளும் இருக்கும். யாருக்குக் கரக் தீர்கிறது என்று அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கஃபீலோடு எத்தனையோ வெள்ளிக்கிழமை சண்டை போட்டிருக்கிறேன், அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வலப்பக்கம் நாலுதான் வந்தது. இணையம் நின்றாலும் நான் நிற்க மாட்டேன். என்னால் மற்ற நாலு பேரும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாக அடிக்கிறார்கள். மந்திரக் கோலோ நல்ல அங்கியோ கிடைத்தால் நான் பங்குக்கு வர மாட்டேன், எனக்கு எதுவும் பொருந்தாது. நாலாவதாக, இடது கையில் டீ கிளாஸோடு விளையாடலாம் என்று எழுதினேன். அது விளையாட்டுக்கு எழுதியது அல்ல. உண்மைதான்.

அக்கா பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“ஏட்டி, என்னட்டி எழுதுத? பெலவீனம் ஒம்போது, பெலம் நாலா? வேலைக்கு மனு போடுத எவளாவது இப்படி எழுதுவாளா?”

“உள்ளததான எழுதச் சொல்லியிருக்காங்க.”

“உள்ளத எழுதுனா வெளிய நிப்ப.” பிறகு ஹாலுக்கு அந்தப் பக்கம் பார்த்து, “ஏங்க, இவளுக்கு மாப்பிள பாக்கும்போது பேப்பரும் பேனாவும் கண்ணுல படாமப் பாத்துக்கிடணும்” என்றாள்.

அத்தான் செய்தித்தாளை இறக்காமல், “பேனாவ எடுத்தா மாப்பிள பெலவீனத்தல்லா எழுதுவா. அவனுக்கு ஒம்போது போதுமா?” என்றார்.

பட்டியலை அப்படியே போட்டேன். மறுநாள் பம்பாய்க்காரருடையது வந்தது. பலம் பதினொன்று. பலவீனம் என்ற தலைப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘நில்’, அதாவது எதுவும் இல்லை, என்று ஒரே சொல். எந்த இடத்திலும் துளியும் பிழை காட்டாத கேஜ் லேபுக்கு வந்தால், அது நல்ல கேஜ் என்று நான் நினைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனால் அதைச் சொல்லப் போனால் பொறாமை மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை கேப்டன் எனக்குத் தனியாக எழுதினார். “தங்கச்சி, விசனப்படாதிய. இந்த வெள்ளி மட்டும் நீங்க ரெஸ்ட் எடுங்க. அவன வச்சு ஒரு வாட்டி பாத்துக்கிடுதேன். கஃபீல் விழுந்தா அவன், விழாட்டா நீங்க. நியாயந்தான?”

நியாயம்தான். ‘சரி அண்ணா’ என்று எழுதினேன். எழுதிவிட்டு லேபில் அன்று ஒரே கேஜை இரண்டு முறை அளந்தேன். முதல் முறை எழுதிய எண்கள் எதுவும் மனதில் நிற்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு எனக்கு வேலை இல்லை. யூனிஃபார்மை இஸ்திரி போட்டேன். அக்காவின் பருப்பு டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். பத்தரைக்கு அவள் வந்து பார்த்தாள்.

“துவரம்பருப்புக்குத் துவரம்பருப்புன்னு எழுதி ஒட்டியிருக்க. எனக்குத் தெரியாதாட்டி?”

“கடலைப்பருப்பு பக்கத்துல இருக்குல்லா.”

என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. “சாயங்காலம் தேராவுக்குப் போவோம். ஏலக்காய் வாங்கணும்” என்றாள். வீட்டில் ஏலக்காய் இருந்தது. டப்பாவுக்குப் பெயர் ஒட்டியவள் நான்தானே.

துபாய்க் கழிமுகத்தை ஒட்டித் தேராவில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நாலரை மணி. பாய் சொல்லியிருந்த அடையாளங்கள் நினைவில் இருந்தன: படகுத்துறைக்கு எதிர்ச் சந்து, இடப்பக்கம் நாலாவது கடை, வாசலில் காய்ந்த எலுமிச்சை மூட்டை. அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. தாடியை ஒழுங்காக வெட்டிய, ஒல்லியான ஒருவர் அக்காவிடம் ஏலக்காயை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி, “இது எட்டு மில்லிமீட்டர் காய், லாத்தா. நல்லா மோந்து பாருங்க” என்றார். அந்த ‘லாத்தா’ போதும்.

“ஒரு கரக் போடட்டுமா?” என்று கேட்டேன்.

கையில் இருந்த ஏலக்காயில் பாதி தரையில் விழுந்தது.

“அல்லா! லாத்தாவா? நீங்களா?” என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் ஒரு அம்பது வயசுக்காரின்னுல்ல நெனச்சிட்டு இரிந்தேன்! அவ்வளவு நிதானமா இரிப்பிய.”

“ஒம்போது பெலவீனம் எழுதுனவ இவதான்” என்றாள் அக்கா.

காலையில் நடந்ததை அவர்தான் சொன்னார். நெருப்பு மந்திரவாதி சொன்னபடியே எரித்துத் தள்ளினாராம். சண்டையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் நடக்க வேண்டியிருந்தது.

“நடந்தோம் லாத்தா, நடந்தோம், அப்புடி நடந்தோம். அந்த மாளிகை அவ்வளவு நீளம்னு இன்னைக்குத்தான் தெரியும். கரக் இரிக்கும்போது ஓடிருவோம்ல? இன்னைக்கு ஹஜ்ஜுக்குப் போற மாதிரி ஒவ்வொரு அடியா எடுத்து வச்சோம். கஃபீல் வாசலுக்குப் போகும்போது மணி பதினொன்னரை. ரெண்டு அடி அடிச்சோம், ஷட்டர எறக்கிட்டான்.”

நாலு பலத்தை எழுதிய எனக்கு இந்த ஐந்தாவது பலம் தோன்றவே இல்லை. சண்டையில் என்ன பயன் என்று மட்டுமே யோசித்திருந்தேன். எங்களுடைய இரண்டே முக்கால் மணி நேரத்தில் பாதிக்கு மேல் நடைக்கூடத்தில்தான் போனது என்பதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. ஜும்ஆவுக்குள் முடிக்க வேண்டாதவர்களுக்கு அது பலமே அல்ல. எங்களுக்கு மட்டும்தான்.

பாய் அரை கிலோ கேட்டதற்கு முக்கால் கிலோ கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா, “உன் மூஞ்சி இப்பத்தான் மூஞ்சி மாதிரி இருக்கு” என்றாள்.

ஆனால் இடம் என் கைக்கு வந்துவிடவில்லை. கஃபீல் விழவில்லை என்றாலும் மந்திரவாதியின் பலத்தையும் கேப்டன் பார்த்துவிட்டார். அடுத்த வெள்ளி பஹ்ரைன் அண்ணனுக்கு சைட்டில் டியூட்டி விழுந்தது. அந்த இடத்தில் என்னைச் சேர்த்து, நெருப்பையும் கரக்கையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதாகக் கேப்டன் சொன்னார். அண்ணன் திரும்பி வந்ததும் எங்கள் இருவரில் ஒருவர் வெளியே. இதைச் சுற்றி வளைக்காமலே எழுதியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பம்பாய்க்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கரக் போட்ட ஒவ்வொரு தடவையும் நன்றி சொன்னார். எங்கள் கூட்டத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. ஒன்பதே காலுக்கு என் சக்தி தீர்ந்தது. ‘மாஃபி’ என்று தட்டினேன். அவர் உடனே ‘இட்ஸ் ஓகே’ என்று தட்டினார். அதை நான் ‘சரி, காத்திருக்கிறேன்’ என்று படித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் கேப்டன் ஏதோ நீளமாகத் தட்டிக்கொண்டிருந்ததால் யாரும் நகரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு இரண்டாவது ‘மாஃபி’. மறுபடி ‘இட்ஸ் ஓகே’. இந்த முறை மதினி பாலை அடுப்பிலிருந்து இறக்கப் போயிருந்தார். மறுபடியும் யாரும் நகரவில்லை. புதியவர் சீக்கிரம் பழகிவிட்டார் என்று நினைத்தேன்.

கஃபீலின் கதவுக்கு முன்னால் காவலாளிகள் இரண்டு ஜோடி உண்டு. முதல் ஜோடி விழுந்ததும் என் சக்தி சுத்தமாகத் தீர்ந்தது. கேப்டனுக்குக் கரக் இல்லை, மதினிக்கும் இல்லை, அடிக்க அண்ணனின் வில்லும் அன்று இல்லை. ‘மாஃபி’ என்று தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

‘அரே, இட்ஸ் ஓகே! நோ பிராப்ளம்!’ என்று தட்டிவிட்டு மந்திரவாதி இரண்டாவது ஜோடியின் மேல் நெருப்பை வீசினார்.

ஓரத்துக் கோடுகள் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி மறைந்ததை ஒழுங்காகப் பார்த்தேன். முதலில் மதினி, பிறகு நான், கேப்டன், பாய், கடைசியாக அவர். மாளிகை வாசலில் மறுபடி முளைத்தோம். மணி பத்து நாற்பது.

“மக்கா, தங்கச்சி மாஃபின்னு சொன்னத பாக்கல்லியா?” என்று கேப்டன் தட்டினார். ஒற்றை விரலுக்கு அது மிக வேகம்.

“பாத்தேன் கேப்டன். அதான் இட்ஸ் ஓகேன்னு சொன்னேனே? பாவம், எத்தன தடவ மன்னிப்புக் கேப்பாங்க?”

முதலில் புரிந்துகொண்டவர் பாய்.

“ராசா, நீங்க ஹிந்தி மாஃபிய நெனச்சீங்களா?”

“பின்ன? மாஃபின்னா மன்னிப்புதானே?”

“இது அரபி மாஃபி. இல்லைன்னு அர்த்தம். கரக் மாஃபி. டீ தீந்து போச்சு, கடை கலாஸ்!”

“அரே யார்!” என்று மட்டும் வந்தது. பிறகு, “நான் என்ன நெனச்சேன்னா, இவங்க ரொம்ப மரியாதையானவங்க, அரை மணிக்கு ஒரு தடவ ஸாரி சொல்றாங்கன்னு.”

“மூணு வாட்டி ஸாரி சொன்னா மூணு தப்பு செஞ்சிருக்கணும்லா? என்ன தப்புன்னாவது யோசிச்சியா?” இது கேப்டன்.

மதினி தட்டினார்: “எங்க வீட்டுக்காரர் இத்தன வருசத்துல மூணு தடவ கேட்டதில்ல. நானும் ஒடனே நம்பியிருப்பேன்.”

நான் சிரித்த சத்தத்தில் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இணையம் நின்றுவிட்டதா என்று கேட்டாள். ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டு மாஃபியும் ஒன்றுதான். போன மாதம்தான் வந்த ஒருவருக்கு எது எங்களுடைய மாஃபி என்று எப்படித் தெரியும்? நான் ஒன்பது பலவீனங்களை எழுதியபோது ஒன்றை விட்டிருந்தேன். என் கிளாஸ் வேலை செய்வது அதன் சொல் புரிந்தவர்களோடு மட்டும்தான். வாளுக்கும் நெருப்புக்கும் அந்தக் கஷ்டம் இல்லை.

ஷட்டருக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் இருந்தது. விழுந்த காவலாளிகளில் பலர் இன்னும் எழுந்திருக்கவில்லை, வாசலிலிருந்து கரக்கோடு ஓடினால் கதவுக்குப் போக நாற்பது நிமிடம். நான் கணக்குப் பார்த்து, ‘முடியும்’ என்று தட்டினேன். கேப்டன் ‘யல்லா’ என்றார். ஓடிக்கொண்டே எட்டு வார்த்தைகளை, ஒரு வரிக்கு ஒன்றாக, அர்த்தத்தோடு புதியவருக்குத் தட்டி அனுப்பினேன். யல்லா, கலாஸ், கரக், மாஃபி, பாக்கி நாலு. டீ கிளாஸை அன்று தொடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர் ‘அச்சா’ என்றார். அது எந்த மொழியிலும் எங்களுக்குப் புரிகிற வார்த்தை.

வழியில் இரண்டு தடவை ‘மாஃபி’ போட்டேன். இரண்டு தடவையும் அவர் அடிக்க ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி, என் பக்கத்தில் வந்து அவரும் தரையில் உட்கார்ந்தார். உட்கார வேண்டிய அவசியம் மந்திரவாதிக்கு இல்லை.

பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐந்து கோடுகள்தான். கேப்டனின் கோடு பாதிக்கு இறங்கும், மதினி ஏற்றுவார், கரக் தீரும், போடுவேன். மந்திரவாதிக்கு முதலில், பாய்க்கு அடுத்து, கேப்டனுக்கு மூன்றாவது. அந்த வரிசையை அப்போதுதான் கண்டுபிடித்தேன். நெருப்புக்குக் கரக் போட்டால் வாளுக்குப் போட்டதைவிட அதிகப் பயன் என்பது பாய் அடித்த ‘அடேங்கப்பா’க்களிலிருந்து தெரிந்தது. பதினொன்று முப்பத்தெட்டுக்குக் கேப்டனிடமிருந்து, “கடக்காரன் லைட்ட அணைக்கான்” என்று வந்தது. பதினொன்று நாற்பத்தொன்றுக்குப் பாய் ஒரே சொல்லைத் தட்டினார்.

‘கலாஸ்.’

கேப்டனும் பாயும் அதே நிமிடத்தில் காணாமல் போனார்கள். ஒருவரைக் கடைக்காரர் எழுப்பிவிட்டார், மற்றவர் தொழப் போனார். நாங்கள் மூன்று பேர் அந்தப் பெரிய அறையில் நின்றோம். பார்த்துக்கொண்டிருக்க எந்தக் கோடும் இல்லாததால் நான் முதன்முதலாக நடுவில் பார்த்தேன். கஃபீல் மல்லாந்து கிடந்தான். பெரிய மீசை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இவ்வளவு மாதம் இவனுக்காகவா என்று தோன்றியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அத்தான் ஆபீஸ் மேனேஜர் மாதிரியே இருக்கான்” என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கேப்டன் முடிவை எழுதினார். கேடயம், காயம் ஆற்றுபவர், கரக், இந்த மூன்று பேரும் எல்லா வெள்ளியும் நிலையாக இருப்பார்கள். மற்ற இரண்டு இடத்தை வாள், வில், நெருப்பு மூன்றும் டியூட்டி பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். ரோஸ்டர் போடும் பொறுப்பு தங்கச்சிக்கு. கீழே ஒரு வரி: “பெலவீனம் இல்லன்னு எழுதிக் குடுக்குத ஒயர நான் கையால தொட மாட்டேன், கேட்டியளா?”

பம்பாய்க்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ‘நில்’ என்ற சொல்லை அழித்துவிட்டு அன்றைக்கே திருத்தி எழுதினார். முதல் பலவீனம்: தமிழ் புரியும், இவர்கள் பேசுகிற தமிழ் புரியாது. நானும் என் பட்டியலில் பத்தாவதைச் சேர்த்தேன். வலப்பக்கத்தில் நடைக்கூடத்தைச் சேர்த்தேன். பத்துக்கு ஐந்து. அக்கா படித்துவிட்டு, “இன்னும் தோத்துக்கிட்டுத்தான் இருக்க” என்றாள்.

அடுத்த வெள்ளி ரோஸ்டர்படி அவருக்கு இடம் இருந்தது. பத்து மணிவாக்கில், ஒரு சண்டைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில், அவரிடமிருந்து ‘மாஃபி’ என்று ஒரு சொல் வந்தது. அதற்கு முன்னால் அவர் தவறான கதவைத் திறந்திருந்தார். அவருடைய சக்தியும் தீர்ந்துதான் இருந்தது. எந்த மாஃபி என்று நான் கேட்கவில்லை. ஒரு கரக் போட்டேன்.